ப்ளூரே ஓட்ட "விஎல்சி போடுங்க"ன்னா மட்டும் போதாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வர்ற கம்ப்யூட்டர் கேள்வி பதில் பகுதிய நான் விடாம படிக்கிறவன். சமீபத்துல ஒரு வாசகர் வீட்டு கம்ப்யூட்டர்ல ப்ளூரே படம் பாக்க எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு கேட்டிருந்தார், அதுக்கு ரெண்டே வரியில விஎல்சிங்கற வீடியோ ப்ளேயர் இலவசம், எல்லாத்தையும் ஓட்டும், டவுன்லோட் பண்ணிக்கோங்கன்னு பதில் போட்டிருந்தீங்க. நான் திருச்சியில சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன் சார், அந்த கட்டிங்கையே கையில எடுத்துக்கிட்டு ஆளுங்க கடைக்கு வந்துட்டாங்க, பேப்பர்லயே போட்டிருக்கான், எனக்கு மட்டும் ஏன் ஓட மாட்டேங்குதுன்னு. உங்க பதில் தப்புன்னு சொல்ல வரல, பாதி சரி. மீதி பாதிதான் காசு செலவாகுற பாதி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, ஆனா 4கே பத்தி எழுதினத மட்டும் தயவு செஞ்சு வெட்டிராதீங்க.

எந்த சாஃப்ட்வேர்னு கேக்குறதுக்கு முன்னாடி கையில இருக்குறது என்ன டிஸ்க்குன்னு பாக்கணும். என் கடைக்கு வர்ற ப்ளூரேல பெரும்பாலும் சினிமா கிடையாது, கல்யாண வீடியோ. நம்ம ஊர் ஸ்டுடியோகாரங்க ஹெச்டி கேமராவுக்கு மாறினதும் டிவிடிய விட்டுட்டு ப்ளூரேல போட்டுக் குடுக்க ஆரம்பிச்சாங்க, ஆல்பத்தோட பின்னட்டைல ஒரு உறை ஒட்டி அதுக்குள்ள சொருகி குடுப்பாங்க. சாதா ஒரு லேயர் டிவிடில 4.7 ஜிபிதான் கொள்ளும், ப்ளூரேல ஒரு லேயர்லயே 25 ஜிபி, ரெண்டு லேயர்னா 50, அதனால முகூர்த்தம் ரிசப்ஷன் எல்லாத்தையும் அமுக்காம கொள்ளாம அப்படியே போடலாம். இந்த மாதிரி ஸ்டுடியோல எழுதின டிஸ்க்குக்கு பூட்டு எதுவும் கிடையாது, இதுக்கு நீங்க சொன்ன விஎல்சி தாராளமா போதும், பைசா செலவில்ல. மீடியா மெனுல போயி ஓப்பன் டிஸ்க் குடுத்து ப்ளூரேங்கறத டிக் பண்ணி ப்ளே குடுத்தா ஓடும். அப்படி ஓடலன்னாலும் பதற வேண்டாம், டிஸ்க்க சாதா ஃபோல்டர் மாதிரி தெறந்தீங்கன்னா பிடிஎம்வின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள ஸ்ட்ரீம்னு ஒண்ணு, அதுக்குள்ள 00000, 00001ன்னு நம்பர் பேர்ல எம்2டிஎஸ் ஃபைலா வரிசையா இருக்கும், அதுல சைஸ் பெருசா இருக்குறத இழுத்து விஎல்சி மேல விட்டா மாப்பிள்ளை அழைப்பு ஓட ஆரம்பிச்சிரும். மெனு படமெல்லாம் வராது, வராட்டி என்ன.

ஒண்ணு, சில பேர் இத சாதா டிவிடி டிரைவ்ல போட்டுட்டு டிஸ்க் போச்சுன்னு அழுவாங்க. டிவிடிய படிக்கிறது செவப்பு லேசர், 650 நானோமீட்டர், ப்ளூரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர் வேணும், அந்த லேசரே இல்லாத டிரைவ்ல எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் ஒண்ணும் நடக்காது. டிரைவ் முகப்புல ப்ளூரே சின்னம் இருக்கான்னு பாத்துக்கணும், அவ்ளோதான்.

இப்ப கடையில காசு குடுத்து வாங்கின சினிமா டிஸ்க்குக்கு வருவோம், தகராறே இங்கதான். அதுல ஏஏசிஎஸ்னு ஒரு பூட்டு இருக்கு. ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், பானசோனிக், சோனி, தோஷிபா, டிஸ்னி, வார்னர் இந்த எட்டு கம்பெனியும் சேந்து உண்டாக்கினது. படம் மொத்தமும் 128 பிட் சாவியால பூட்டி டிஸ்க்ல எழுதியிருக்கும், ப்ளேயர்கிட்ட லைசன்ஸ் வாங்கின சாவி இருந்தாத்தான் தெறக்கும். அந்த சாவிய ரகசியமா வச்சிக்கணும்னு லைசன்ஸ்லயே ஒப்பந்தம். விஎல்சி ஓப்பன் சோர்ஸ், அதோட கோட உலகத்துல யார் வேணா தெறந்து படிக்கலாம், அப்படி இருக்குறப்ப சாவிய எங்க ஒளிச்சு வைக்க முடியும் சொல்லுங்க? அதனால விஎல்சி செய்யுறவங்க சோம்பேறித்தனத்துல விட்டுட்டாங்கன்னு நெனைக்கக் கூடாது, பாரிஸ்ல ஒரு காலேஜ் பசங்க ஆரம்பிச்ச லாப நோக்கமில்லாத அமைப்பு அது. ப்ளூரேய சட்டப்படி ஓட்டுறதுக்கு என்ன வழின்னு ஹடோபிங்கற பிரான்ஸ் அரசு அமைப்புகிட்ட எழுதியே கேட்டாங்க, உருப்படியா ஒரு வழி கெடைக்கல. 2012-ல வந்த 2.0 வெர்ஷன்லேந்து விஎல்சிக்கு ப்ளூரே டிஸ்க்க படிக்கத் தெரியும், 2018-ல வந்த 3.0-ல ஜாவா மெனு கூட வந்துச்சு, ஆனா பூட்டத் தெறக்குற சாவி அதோட வராது, இன்னிக்கு வரைக்கும் வராது.

அப்ப டிவிடி மட்டும் எப்படி ஓடுதுன்னு கேப்பீங்க, எல்லாரும் கேக்குறதுதான். டிவிடிக்கு போட்ட பூட்டு 40 பிட்டு, அத 1999-லயே உடைச்சுட்டாங்க, அந்த கூட்டத்துல ஒருத்தன் நார்வேல பள்ளிக்கூடம் படிச்சிட்டிருந்த பையன், பேரு யோன் லெக் யோஹான்சன், கோர்ட்டு கேஸுன்னு இழுத்து கடைசில விடுதலை ஆனான். அந்த பூட்ட மாத்தவே முடியாத மாதிரி செஞ்சிருந்தாங்க, அதனால ஒரு தடவ உடைஞ்சது உடைஞ்சதுதான், உலகத்துல இருக்குற டிவிடி அத்தனையும் தெறந்துக்கிச்சு. அதுல சூடு பட்டவங்கதான் ப்ளூரேக்கு பூட்டு செய்யும்போது சாவிய மாத்துற வசதியோட செஞ்சாங்க. 2007-ல வின்டிவிடிங்கற ப்ளேயர் சாஃப்ட்வேருக்குள்ள இருந்த சாவிய யாரோ நோண்டி எடுத்து வெளிய விட்டுட்டாங்க, உடனே அந்த சாவிய ரத்து பண்ணிட்டாங்க, காசு குடுத்து வின்டிவிடி வாங்கின அப்பாவிங்கள்லாம் அப்டேட் போட்டாத்தான் இனிமே வர்ற டிஸ்க் ஓடும்னு ஆயிருச்சு. திருடினவன் எவனோ, தண்டனை யாருக்கோ.

இதுல எனக்கே ஆச்சரியமா இருக்குற விஷயம் ஒண்ணு சொல்றேன். புதுசா வர்ற ஒவ்வொரு டிஸ்க்லயும் ரத்தான சாஃப்ட்வேர் எது எதுன்னு ஒரு பட்டியல் இருக்கும், அந்த டிஸ்க்க உள்ள தள்ளினதும் டிரைவ் அந்த பட்டியல தன்னோட மெமரில எழுதி வச்சிக்கும், நம்மள கேக்காது. அப்புறம் பழைய சாஃப்ட்வேர்ல நேத்து வரைக்கும் ஓடிக்கிட்டிருந்த பழைய டிஸ்க் கூட இன்னிக்கு ஓடாது. "ஒண்ணுமே பண்ணல தம்பி, ஒரு புதுப் படம் போட்டேன், அதுலேந்து எதுவும் ஓடல"ன்னு சொல்றவங்கள நம்புங்க, பொய் சொல்லல அவங்க. வீட்ட வித்துட்டு சாவிய குடுக்காம, வாட்ச்மேன் வந்து தெறந்து விடுவான், அவனையும் அப்பப்ப மாத்துவோம்னு சொல்ற மாதிரி இருக்கு இந்த ஏற்பாடு.

அதனாலதான் நான் கஸ்டமர்கிட்ட சொல்றது, ப்ளூரே சாஃப்ட்வேர்ல பாக்க வேண்டியது படம் எவ்ளோ பளிச்சுன்னு தெரியுதுங்கறது இல்ல. படம் எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் தெரியும், டிஸ்க்ல இருக்குறது அதே வீடியோதான், அத பிரிச்சுக் காட்டுறது கிராஃபிக்ஸ் சிப். "கலர் என்ஹான்ஸ்மென்ட்", "ஏஐ அப்ஸ்கேலிங்"னு அட்டைல போட்டிருக்குறதெல்லாம் கல்யாண ஸ்டேஜ்ல சீரியல் செட் மாட்டுற மாதிரி, கழட்டிட்டாலும் கல்யாணம் நடக்கும். பாக்க வேண்டியது அந்த கம்பெனி இன்னும் நாலு வருஷம் கழிச்சும் சாவி அப்டேட் குடுக்குமா, அதுக்கு மறுபடி காசு கேக்குமா, இது ரெண்டுதான். ஆர்க்சாஃப்ட்னு ஒரு கம்பெனி டோட்டல்மீடியா தியேட்டர்னு ஒண்ணு வித்தாங்க, ஒரு காலத்துல ஹோம் தியேட்டர் ஆளுங்க அத தலைல தூக்கி வச்சு ஆடுனாங்க, 2014-ல நிறுத்திட்டாங்க. நிறுத்துன சாஃப்ட்வேருக்கு புது சாவி யார் குடுப்பா? வாங்கினவங்க காசு காந்தி கணக்கு.

இப்ப விண்டோஸ்ல லைசன்ஸோட மிச்சம் இருக்குறதுல பெரிய பேரு தைவான் கம்பெனி சைபர்லிங்க்கோட பவர்டிவிடி, அடுத்து கோரெல்கிட்ட போன வின்டிவிடி. பவர்டிவிடில எடிஷன் பாத்து வாங்கணும், ஸ்டாண்டர்டுனு விலை கம்மியா ஒண்ணு இருக்கும், அது டிவிடியோட நின்னுக்கும், பேர்ல டிவிடின்னு இருக்கு ப்ளூரேவும் ஓடும்னு நெனைச்சு வாங்கிட்டு வர்றவங்க உண்டு. டிரைவ் வாங்குறப்ப டப்பாக்குள்ள ஓசில ஒரு சிடி குடுப்பாங்களே, அது பெரும்பாலும் பழைய வெர்ஷன், கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் ஒரு புதுப் படத்தப் போட்டதும் அப்டேட் பண்ணு, புது வெர்ஷன் வாங்குன்னு ஆரம்பிச்சிரும். சைபர்லிங்க்லயே ப்ளூரே அட்வைசர்னு ஒரு சின்ன இலவச டூல் உண்டு, அத ஓட்டினா உங்க கம்ப்யூட்டர்ல ப்ராசசர், கிராஃபிக்ஸ், மானிட்டர், டிரைவ் ஒவ்வொண்ணுக்கும் பச்சை செவப்புன்னு காட்டிரும். காசு கட்டுறதுக்கு முன்னாடி அத ஓட்டிப் பாருங்க, கட்டினதுக்கு அப்புறம் ஓட்டி என்ன பிரயோஜனம்.

விண்டோஸோட சேந்து ப்ளூரே ப்ளேயர் வரும்னு எதிர்பாக்காதீங்க, எந்த விண்டோஸ்லயும் அது வந்ததே இல்ல. விண்டோஸ் 8 வந்தப்ப டிவிடி ஓட்டுறதையே மீடியா ப்ளேயர்லேந்து தூக்கிட்டாங்க. ஆப்பிள்காரங்க கத வேற, 2008-லயே ஸ்டீவ் ஜாப்ஸ் மேடைல நின்னு ப்ளூரே லைசன்ஸ் பெரிய தலவலின்னு சொல்லிட்டார், சொன்ன மாதிரியே மேக்ல ஒரு நாளும் ப்ளூரே டிரைவ் வரல. மேக்ல ஓட்டணும்னா யூஎஸ்பில தனி டிரைவ் வாங்கி, வெளி கம்பெனி சாஃப்ட்வேர் வாங்கி, நானா இருந்தா அந்த காசுல டிவிக்கு தனி ப்ளேயர் வாங்கிருவேன்.

சரி, லைசன்ஸ் சாஃப்ட்வேரே வாங்கியாச்சு, அப்பவும் ஓடல. ஏன்? ரீஜன், அதாவது உலகத்துல எந்தப் பகுதிக்குன்னு வித்த டிஸ்க்குங்கறது. ப்ளூரேய மூணு ரீஜனா பிரிச்சிருக்காங்க, அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ, ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா பி, நம்ம இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா சி. ஸ்ரீரங்கத்துலேந்து ஒரு பெரியவர், ரிட்டயர்டு ஆனவர், மக நியூஜெர்சிலேந்து லீவுக்கு வர்றப்பெல்லாம் பழைய இங்கிலீஷ் படம் டிஸ்க்கா வாங்கிட்டு வந்து குடுத்துட்டுப் போகும். அவர் ஒரு துணிப்பையில அடுக்கி எடுத்துட்டு வந்து மேஜைல பரப்பினார், அட்டைக்குப் பின்னாடி கீழ் மூலைல பாருங்கன்னு திருப்பிக் காட்டினேன், சின்னதா ஒரு ஆறு மூலை கட்டம், அதுக்குள்ள ஏ. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு டிஸ்க்க மூக்குகிட்ட கொண்டு போயி பாத்துட்டு, "அப்ப என் மக குடுத்தத என் வீட்ல பாக்க எனக்கு உரிமை இல்லியா"ன்னார். நான் என்ன சொல்றது. டிவிடில ரீஜன் டிரைவுக்குள்ள இருக்கும், அஞ்சு தடவதான் மாத்தலாம், அஞ்சாவதோட அப்படியே ஒறஞ்சிரும். ப்ளூரேல ரீஜன பாக்குறது ப்ளேயர் சாஃப்ட்வேர்தான், செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம், அதுலயும் எண்ணி வச்ச தடவதான் விடும். அதனால மொதல்ல இன்ஸ்டால் பண்றப்பவே அவசரப்பட்டு இந்தியான்னு சி குடுத்துறாதீங்க, உங்க வீட்ல அதிகமா இருக்குற டிஸ்க் எதுவோ அத குடுங்க. பெரியவருக்கு ஏ வச்சுக் குடுத்தேன், இந்திய டிஸ்க் அவர்கிட்ட ஒண்ணு கூட இல்ல. நெறய டிஸ்க்ல ஏ பி சி மூணுமே போட்டிருப்பாங்க, அது எங்கயும் ஓடும், அதையும் அட்டைலயே பாத்துக்கலாம்.

அடுத்தது கேபிள். இது எல்லாரும் கோட்ட விடுற எடம். நம்ம ஊர்ல இன்னும் வீட்டுக்கு வீடு நீல முனை விஜிஏ கேபிள்தான் மானிட்டருக்குப் போகுது, கணினி நல்லாத்தான் ஓடுது அத எதுக்கு மாத்தணும்னு விட்டுர்றது. ஏஏசிஎஸ் லைசன்ஸ்ல 2013 முடிஞ்சதுக்கு அப்புறம் செய்யுற ப்ளேயர் எதுவும் அனலாக் வழியா படத்த வெளிய விடவே கூடாதுன்னு விதி, விஜிஏ அனலாக்தான். டிஜிட்டல் கேபிளா இருந்தாலும் காப்பி எடுக்காம தடுக்குற ஹெச்டிசிபிங்கற இன்னொரு கைகுலுக்கல் மானிட்டரும் கிராஃபிக்ஸ் கார்டும் பண்ணிக்கணும், பழைய டிவிஐ மானிட்டர் சிலதுல அது கிடையாது. அப்ப என்ன ஆகும், சாஃப்ட்வேர் தெறக்கும், கம்பெனி லோகோ வரும், அப்புறம் கறுப்புத் திரைல ஒரு எர்ரர் நம்பர். கஸ்டமர் டிஸ்க்க துணில துடைப்பார், மறுபடி போடுவார், மறுபடி துடைப்பார். விஜிஏவால வந்த தகராறுன்னா ஹெச்டிஎம்ஐ கேபிளுக்கு மாத்தினா முடிஞ்ச வேல அது. சாஃப்ட்வேருக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றதுக்கு முன்னாடி முதுகுப் பக்கம் குனிஞ்சு கேபிள பாருங்க.

சவுண்ட பத்தி ரெண்டு வார்த்த. டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ் ஹெச்டி மாஸ்டர்னு டிஸ்க்ல இருக்குற ஒலி, ஹோம் தியேட்டர் ரிசீவர் வச்சிருக்குறவங்களுக்குத்தான், கம்ப்யூட்டர் கூட வந்த ரெண்டு ஸ்பீக்கர்ல கேக்குறவங்க அதுக்காக பெரிய எடிஷன் வாங்க வேண்டியதில்ல.

இனி 4கே, அதாவது சாதா ஹெச்டிய விட நாலு மடங்கு புள்ளி இருக்குற படம். இதத்தான் வெட்டாதீங்கன்னு சொன்னேன். 2016-ல அதுக்குன்னே அல்ட்ரா ஹெச்டி ப்ளூரேன்னு ஒரு டிஸ்க் வந்துச்சு, கறுப்புப் பெட்டில வரும், 100 ஜிபி வரைக்கும் புடிக்கும், நல்ல விஷயம் என்னன்னா இதுல ரீஜன் தொல்ல கிடையாது. கெட்ட விஷயம், கம்ப்யூட்டர்ல ஓட்டுறதுக்கு போட்டிருக்குற நிபந்தன. 2017-ல பவர்டிவிடி 17தான் மொதல்ல இத லைசன்ஸோட ஓட்டுன சாஃப்ட்வேர், அதுக்கு இன்டெல் ப்ராசசருக்குள்ள எஸ்ஜிஎக்ஸ்னு ஒரு ரகசிய அறை வேணும், சாவிய அதுக்குள்ள வச்சுத்தான் தெறக்கும். இன்டெல் ப்ராசசர்லயும் ஏழாவது ஜெனரேஷன்லேந்துதான் ஒத்துக்கும், படம் இன்டெல் கிராஃபிக்ஸ் வழியா வெளிய போகணும், மதர்போர்டு பயாஸ் செட்டிங்ல எஸ்ஜிஎக்ஸ் ஆன்ல இருக்கணும், மானிட்டர் ஹெச்டிசிபி 2.2 இருக்கணும், டிரைவும் தனி டிரைவ். ஏஎம்டி ப்ராசசர்ல சுத்தமா கிடையாது. இவ்ளோவும் பொருந்தி ஒருத்தர் வாங்கி வச்சாருன்னு வைங்க, இன்டெல்காரன் என்ன பண்ணான்னா 11-ஆவது ஜெனரேஷன் டெஸ்க்டாப் ப்ராசசர்லேந்து அந்த எஸ்ஜிஎக்ஸையே தூக்கிட்டான், 12-லயும் கிடையாது. அப்ப கம்ப்யூட்டர புதுசா மாத்தினா படம் ஓடாது, பழசா வச்சிருந்தாத்தான் ஓடும்! இவ்ளோ கட்டுக்காவல் போட்டும் 2022-ல ஆராய்ச்சிக்காரங்க எஸ்ஜிஎக்ஸுக்குள்ள புகுந்து பவர்டிவிடியோட சாவியவே வெளிய எடுத்துக் காட்டிட்டாங்க, அது வேற கத.

இது தெரியாம என்ன நடக்குதுன்னா, ஆன்லைன்ல "4கே ப்ளூரே டிரைவ்"னு போட்டு விக்குறான், கீழ ப்ராசசர் பத்தி ஒரு வார்த்த கிடையாது. ஒரு பையன் மொத சம்பளத்துல லேட்டஸ்ட் ப்ராசசர் போட்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி, அந்த டிரைவையும் சாஃப்ட்வேரையும் வாங்கிட்டு வந்து நிக்கிறான், ரெண்டுலயும் சீல் ஒடச்சாச்சு, திருப்பி எடுத்துக்க மாட்டேங்குறான் வித்தவன். அந்த பையன்கிட்ட உன் கம்ப்யூட்டர் ரொம்ப புதுசா இருக்கு அதனால ஓடாதுன்னு சொன்னா சிரிக்கிறான், நான் வேலை தெரியாதவன்னு நெனைக்கிறான். 4கே டிஸ்க் வச்சிருக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, கம்ப்யூட்டர மறந்துருங்க. டிவில சொருகுற தனி ப்ளேயர் வாங்குங்க, இல்ல வீட்ல பிள்ளைங்க விளையாட டிஸ்க் போடுற பிஎஸ்5 இல்ல எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இருந்தா அதுலயே ஓடும். பிஎஸ்4-ல போட்டுட்டு வந்து சண்ட போடாதீங்க, அதுல சாதா ப்ளூரேதான் ஓடும், ப்ரோ மாடலா இருந்தாலும்.

இன்னொரு வழிய சொல்லாம விட்டா பாதிப் பேர் எனக்கு ஃபோன் போட்டு திட்டுவாங்க. மேக்எம்கேவின்னு ஒரு சாஃப்ட்வேர் உண்டு, டிஸ்க்ல இருக்குற படத்த பூட்டு இல்லாத ஒரே ஃபைலா ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சிரும், தரம் கொறயாது, ஒரு படத்துக்கு 20, 30 ஜிபி எடம் புடிக்கும், அப்புறம் விஎல்சி, எம்பிவி, கோடின்னு எந்த ப்ளேயர்ல வேணா பாக்கலாம். வருஷக்கணக்கா பீட்டா, அதாவது சோதனை வெர்ஷன்னு சொல்லிக்கிட்டு பீட்டா இருக்குற வரைக்கும் ப்ளூரேக்கும் இலவசம்னு சாவி குடுத்துட்டு இருக்காங்க. இது சரியா தப்பா? நான் வக்கீல் இல்ல, எனக்கு புரிஞ்சத சொல்றேன். அமெரிக்கால 1998 சட்டப்படி பூட்ட உடைக்கிறதே பெரிய விவகாரம். நம்ம ஊர்ல 2012-ல காப்பிரைட் சட்டத்துல 65ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, அதுல உரிமைய மீறுற நோக்கத்தோட பூட்ட உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டுன்னு இருக்கு. அந்த "நோக்கத்தோட"ங்கறதுதான் முக்கியம், காசு குடுத்து வாங்கின டிஸ்க்க தன் வீட்ல தானே பாக்குறவனையும், காப்பி போட்டு பஸ் ஸ்டாண்டுல விக்கிறவனையும் நம்ம சட்டம் ஒரே தட்டுல வைக்கலன்னுதான் நான் படிக்கிறேன். இத பத்தி சட்டம் தெரிஞ்ச வாசகர் யாராவது உங்க பேப்பர்லயே எழுதினா நல்லாருக்கும். என் கடையில யாருக்கும் இந்த வேலைய நான் செஞ்சு குடுக்குறதில்ல, அவங்க வீட்ல அவங்க செஞ்சுக்குறது அவங்க பாடு.

ஆனா ஒண்ணு, "விஎல்சி ப்ளூரே சாவி ஃபைல் ஃப்ரீ டவுன்லோட்"னு தேடி கெடச்சதையெல்லாம் க்ளிக் பண்றத மட்டும் செய்யாதீங்க. உங்க பதில படிச்சுட்டு ஓடாம போனவங்க அடுத்து செய்யுறது அதுதான் சார். பச்சைக் கலர்ல பெருசா டவுன்லோட் பட்டன் இருக்கும், அமுக்கினா ப்ளேயரும் வராது சாவியும் வராது, ப்ரவுசர் பூரா விளம்பரம் வந்து ஒட்டிக்கும். போன வாரம் சுத்தம் பண்ணிக் குடுத்த லேப்டாப்ல பேங்க் பாஸ்வேர்ட் எல்லாம் ப்ரவுசர்லயே சேவ் பண்ணி வச்சிருந்தாங்க, ஒரு சினிமா பாக்கப் போயி. அதே மாதிரி "ஃப்ரீ ப்ளூரே ப்ளேயர்"னு பேர் தெரியாத கம்பெனி பத்து இருக்கு, இலவசம்னு இறக்கினா நடுவுல நிறுத்தி காசு கேக்கும், இல்ல திரைல பெருசா வாட்டர்மார்க் போடும்.

சாதா ப்ளூரே சினிமா நெறய வச்சிருக்கீங்க, விண்டோஸ் கம்ப்யூட்டர்லதான் பாப்பேன்னா பவர்டிவிடில ப்ளூரே எடிஷன், வருஷம் பொறந்து தள்ளுபடி போடுறப்ப வாங்குங்க, சந்தா கட்டுறதா ஒரே தடவ கட்டுறதான்னு பாத்து வாங்குங்க. நாலஞ்சு டிஸ்க்தான் இருக்குன்னா அந்த காசு தண்டம், ஒரு சாதா ப்ளூரே ப்ளேயர் டிவிக்கு வாங்குறது இதவிட மலிவாவே முடியும், சாவி, அட்வைசர், கேபிள்னு தலவலி இல்ல. லினக்ஸ் போட்டிருக்குற பசங்களுக்கு லைசன்ஸ் சாஃப்ட்வேர்னே ஒண்ணு கிடையாது, அவங்களுக்கு அவங்க வழி தெரியும், நான் சொல்ல வேண்டியதில்ல.

கல்யாண டிஸ்க் வச்சிருக்குறவங்களுக்கு தனியா ஒரு வார்த்த. அது நகல் எடுக்க எந்தத் தடையும் இல்லாத டிஸ்க், உங்க சொந்த வீடியோ. எழுதுற ப்ளூரே டிஸ்க் செய்யுறத சோனியே 2025 பிப்ரவரியோட நிறுத்திட்டான், டிரைவும் கடையில கொறஞ்சுக்கிட்டே வருது. டிரைவ் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கெடைக்கிறப்பவே அந்த பிடிஎம்வி ஃபோல்டர அப்படியே ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி, பென் டிரைவ்ல ஒரு காப்பின்னு போட்டு வச்சிருங்க, ஸ்டுடியோல போயி கேட்டா பழைய ஃபைலெல்லாம் அழிச்சாச்சுன்னுதான் சொல்வாங்க.

கடைசியா உங்ககிட்ட ஒரு கோரிக்கை. மாத்திரை அட்டைல காலாவதி தேதி போடச் சொல்லி சட்டம் இருக்கு, இந்த ப்ளேயர் சாஃப்ட்வேர் டப்பால சாவி எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் ஆகும்னு ஒரு வரி போட ஏன் யாரும் கேக்கல? டிரைவ் டப்பால "சினிமா டிஸ்க் ஓட தனி சாஃப்ட்வேர் வேணும்", 4கே டிரைவ் டப்பால "இன்டெல் 7-லேந்து 10-ஆவது ஜெனரேஷன் வரைக்கும்தான்"னு தமிழ்ல வேண்டாம், இங்கிலீஷ்லயாவது பெரிய எழுத்துல போட்டா என்ன கொறஞ்சு போகும்? நுகர்வோர் பகுதில நீங்க இத எடுத்து எழுதுங்க சார். டப்பாவ ஒடைக்கிறதுக்கு முன்னாடி படிக்கிற மாதிரி வெளிப்பக்கமே போடச் சொல்லுங்க, இப்ப அந்த வரியெல்லாம் உள்ள இருக்குற தாள்ல, எறும்பு சைஸ் எழுத்துல, சீல் ஒடச்சதுக்கு அப்புறம்தான் கண்ணுல படுது.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன்,
திருச்சி.